வீட்டுக்குள் சூழும் ஒலி

கண்ணுக்கு இமை தந்த இறைவன் செவிக்குக் கதவு வைக்கவில்லை. ஆதலால் நாற்புறத்து ஒலியும் நம் விருப்பத்தைக் கேளாமலே உள்ளே நுழைகிறது. முதுகுக்குப் பின்னால் வரும் பேருந்தைத் திரும்பிப் பாராமலே அறிந்து ஒதுங்குகிறோம். ஓர் ஒலி இரு செவிகளையும் வந்தடையும் நேரத்திலுள்ள மிகச் சிறு வேறுபாட்டையும், செவி மடல் அதை வாங்கும் விதத்தையும் கொண்டே மூளை திசையைக் கணிக்கிறது. இவ்வியல்பைப் பயன்படுத்தி, வீட்டுக் கூடத்தையே திரையரங்காக்க முனையும் கருவிதான் 'சரவுண்ட் சவுண்ட் ரிசீவர்'.

சேலத்துப் பிள்ளைகளாகிய நமக்கு இதைப் பற்றிப் பேசச் சற்று உரிமை உண்டு. ஏற்காடு செல்லும் சாலையில் இன்றும் நிற்கும் வளைவு, 1935-இல் டி. ஆர். சுந்தரம் அவர்கள் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் வாயில். மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938-இல் இங்கிருந்துதான் வெளிவந்தது. அந்நாளையப் படங்களில் ஒலி, படச்சுருளின் ஓரத்தில் ஒரே தடமாகப் பதிந்திருக்கும். வசனமும் பாட்டும் இடியும் மழையும் திரைக்குப் பின்னால் ஓரிடத்திலிருந்தே வந்தன. 1940-இல் வால்ட் டிஸ்னி 'ஃபான்டேஷியா' படத்திற்காக ஒலியைப் பல தடங்களில் பதிந்து, அரங்கைச் சுற்றிலும் ஒலிபெருக்கிகளை வைத்துப் பார்த்தார். செலவு மிகுதியால் சில அரங்குகளோடு அது நின்று போயிற்று. தமிழில் 1995-இல் வந்த 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோ ஒலியோடு வந்தது.

ரிசீவர் என்ற பெயர் ஏன்? உள்ளே வானொலியை வாங்கும் பகுதியும் இருப்பதால் வந்த பெயர் அது. இன்று அப்பகுதியை யாரும் தேடுவதில்லை. பெயர் மட்டும் தங்கிவிட்டது. இக்கருவி செய்யும் வேலை மூன்று. தொலைக்காட்சி, குறுந்தகடு, அலைபேசி முதலியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. அதிலுள்ள ஒலியைத் தனித்தனித் தடங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு தடத்தையும் பெருக்கி அதற்குரிய ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. விளம்பரங்களில் '5.1' என்று காண்கிறோமே, அதில் ஐந்து என்பது முன்னால் இடம், நடு, வலம், பக்கவாட்டில் அல்லது சற்றுப் பின்னால் இரண்டு. புள்ளி ஒன்று என்பது 'சப்-வூஃபர்' எனும் பெட்டிக்கான தடம். ஏறத்தாழ 120 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட தாழ்ந்த ஒலியை மட்டுமே அது சுமப்பதால் அதை முழுத் தடமாக எண்ணவில்லை. '5.1.2' என்று மூன்றாவது எண் இருந்தால், தலைக்கு மேலிருந்து வரும் ஒலிக்கு இரண்டு பெட்டிகள் என்று பொருள்.

இக்கட்டுரையை எழுத எங்களைத் தூண்டியது எங்களுள் ஒருத்தியின் தாயார் சொன்ன ஒரு சொல். தாரமங்கலம் பக்கம் அவர்கள் வீட்டை ஒட்டியே விசைத்தறிக் கூடம். வெகுநாள் சேமித்து, தந்தையார் ஒரு ரிசீவரும் பெட்டிகளும் வாங்கினார். ஊரார் வந்து பார்த்து வியந்தனர். ஒரு வாரம் கழிந்ததும் தாயார், "சத்தமெல்லாம் நல்லாத்தான் கேக்குது கண்ணு, பேசறதுதான் ஒண்ணும் புரியல" என்றார். தந்தையார் முகம் வாடிவிட்டது. கடைக்காரரைக் கேட்டபோது, இன்னும் வாட் அதிகமுள்ள கருவியை வாங்குமாறு சொன்னாராம். அதற்கு முன் நாங்கள் பார்க்கிறோம் என்று துணிந்து, எங்கள் இயற்பியல் ஆசிரியையான அருட்சகோதரியின் யோசனைகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு ஒரு சனிக்கிழமை நால்வரும் புறப்பட்டோம்.

முதலில் இந்த 'வாட்' விவகாரம். ஆயிரம் வாட், ஐயாயிரம் வாட் என்று அட்டைப் பெட்டிமேல் அச்சிடுவது எளிது. 'பி.எம்.பி.ஓ.' என்று அருகில் இருந்தால் அவ்வெண்ணைப் பார்க்கவே வேண்டாம். 'ஆர்.எம்.எஸ்.' என்று இருந்தால் பாதி நம்பலாம். மீதிப் பாதிக்குக் கேட்க வேண்டிய கேள்விகள் உள்ளன. ஒரே ஒரு தடம் இயங்கும்போது அளந்ததா, எல்லாத் தடங்களும் சேர்ந்து இயங்கும்போதா? எட்டு ஓம் பெட்டியிலா, ஆறு ஓம் பெட்டியிலா? 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை முழுதுமா, ஆயிரம் ஹெர்ட்ஸ் ஒன்றில் மட்டுமா? திரிபு பத்து விழுக்காடு வரை விட்டுவிட்டு அளந்ததா? இவற்றுக்கேற்ப ஒரே கருவி நூறு வாட்டாகவும் தோன்றும், ஐம்பதாகவும் தோன்றும். மேலும், வாட் இரு மடங்கானால் ஒலி மூன்று டெசிபல்தான் கூடும். இரு மடங்கு உரக்கக் கேட்பதாக நமக்குத் தோன்றவேண்டுமானால் பத்து டெசிபல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. ஐம்பது வாட் கருவியைத் தள்ளிவிட்டு நூறு வாட் வாங்குபவர், காதுக்கு வாங்கியது மிகக் கொஞ்சமே. நம் ஊர் நடுத்தரக் கூடத்திற்கு ஐம்பது உண்மையான வாட் தாராளம்.

ஆக, தாயாரின் குறை வாட்டில் இல்லை. பின் எங்கே?

கூடத்தில் கை தட்டிப் பார்த்தோம். 'ணங்' என்று ஒரு வால் நீண்டது. வழவழத்த டைல்ஸ் தரை, பூசிய சுவர், கான்கிரீட் கூரை, சாமான் குறைவு. நம் சமவெளிப் பக்கத்துப் புது வீடுகளின் இலக்கணமே இதுதான். ஒரு சொல்லின் எதிரொலி அடங்குமுன் அடுத்த சொல் வந்து அதன்மேல் ஏறிக்கொள்கிறது. பரணிலிருந்த பவானி ஜமக்காளங்கள் மூன்றை இறக்கி, ஒன்றைத் தரையிலும் இரண்டை இரட்டையாக மடித்து, எதிர்ச்சுவரை ஒட்டாமல் கொடி கட்டியும் போட்டோம். தட்டினால் வால் பாதியாகக் குறைந்தது. ஜமக்காளம் தாழ்ந்த ஒலியை அடக்காது. பேச்சின் கூர்மையைக் கெடுக்கும் மேல் ஒலிகளின் எதிரொலியை வாங்கிக்கொள்ளும். எங்களுக்கு வேண்டியிருந்ததும் அதுவே.

அடுத்து, பேச்சு எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது என்று பார்த்தோம். திரைப்படத்தில் வசனம் பெரும்பாலும் நடுப்பெட்டியில்தான் அமைக்கப்படுகிறது. இவ்வீட்டிலோ அந்தப் பெட்டி தொலைக்காட்சி மேசையின் அடித்தட்டில், உட்காருபவரின் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தது! அதை மேல்தட்டின் விளிம்புக்குக் கொணர்ந்து, அடியில் ரப்பர்த் துண்டு வைத்து முகத்தை நோக்கிச் சாய்த்தோம். கம்பிகளையும் சரிபார்த்தோம். கருவியின் சிவப்பு முனை பெட்டியின் சிவப்பு முனைக்குத்தான் செல்ல வேண்டும். ஒரு பெட்டியில் மாறிவிட்டால் அது மற்றவற்றுக்கு எதிராக அசைந்து, ஒலி இடம் தெரியாமல் குழம்பும். இங்கு ஒரு பின்பெட்டி மாறியிருந்தது.

பிறகு கருவியோடு வந்த சிறு ஒலிவாங்கியை, அமர்ந்திருப்பவரின் காது உயரத்தில் வைத்து அளவுச் சோதனையை நடத்தினோம். இதற்கு வீடு அமைதியாக இருக்க வேண்டும். தறி நிற்கும் உணவு வேளைக்காகக் காத்திருந்து, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு வியர்த்தபடி நின்றோம். கருவி ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு ஒலியை எழுப்பி, அதன் தொலைவைக் கணிக்கிறது. காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லி நொடி ஆகும். முன்பெட்டி மூன்று மீட்டரிலும் பின்பெட்டி ஒரு மீட்டரிலும் இருந்தால், பின்னதை 6 மில்லி நொடி தாமதித்து அனுப்பினால்தான் இரண்டும் ஒன்றாக வந்து சேரும். இக்கணக்கு முடிந்ததும் நடுப்பெட்டியை மட்டும் கையால் 4 டெசிபல் உயர்த்தினோம். உரத்த ஒலிகளைத் தாழ்த்தி மெல்லியவற்றை உயர்த்தும் 'இரவு' முறையையும் இயக்கினோம்.

இத்தனைக்குப் பிறகும் தாயாருக்கு முழுதும் தெளியவில்லை. காரணத்தை அருட்சகோதரி சொன்னபோது எங்களுக்குச் சற்று நேரம் பேச்சு வரவில்லை. விசைத்தறிக் கூடத்தில் 90 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சல் சாதாரணம். 85 டெசிபலில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்பது பணியாளர் செவிக்கு விதிக்கப்படும் ஓர் எல்லை. 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அந்நேரம் பாதியாகும். இரைச்சலால் செவி மங்குவது முதலில் 4,000 ஹெர்ட்ஸ் அளவிலுள்ள மேல் ஒலிகளில்தான். பேச்சில் உயிரொலிகளின் வலிமை கீழே இருக்கிறது; 'ச', 'த', 'ட' போன்ற மெய்யொலிகளின் கூர்மை மேலே இருக்கிறது. ஆகவே உயிர் கேட்கிறது, மெய் மறைகிறது. சத்தம் கேட்கிறது, சொல் புரிவதில்லை. அந்தத் தாயார் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. இருபது ஆண்டுத் தறி ஓசையை எந்த ரிசீவரும் திருப்பித் தராது. அரசு மருத்துவமனையில் செவிப் பரிசோதனை செய்துகொள்ள அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். தோழியும் தறிக்கூடத்தில் நுழையும்போது இப்போது காதடைப்பான் அணிகிறாள்.

வாங்க எண்ணும் பெற்றோருக்குச் சில செய்திகள். கடையில் குண்டு வெடிக்கும் காட்சியைப் போட்டுக் காட்டினால் மயங்கவேண்டாம். உங்கள் மகளோ தோழியோ விவிலியத்தின் ஒரு பக்கத்தை வாசிப்பதை அலைபேசியில் பதிந்து எடுத்துச் சென்று கேளுங்கள். தெரிந்த குரல் தெரிந்த குரலாக வருகிறதா என்பதே சோதனை. இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக்கச் சொல்லுங்கள். சற்றே உரக்க ஒலிப்பது எப்போதும் நல்லதுபோல் தோன்றும். விற்பவர்களுக்கு இது தெரியும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் கருவி 120 வோல்ட்டுக்கு உரியதாக இருக்கலாம். நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் புகைதான் மிஞ்சும். பம்புசெட்டு ஓடும் ஊர்களில் ஸ்டெபிலைசர் வேண்டும். மின்னல் நாளில் செருகியைக் கழற்றிவிடுக. பூத்தையல் போட்ட துணியால் கருவியை மூடி வைப்பது நம் வீடுகளின் வழக்கம். ரிசீவர் வெப்பம் கக்கும் கருவி, சேலத்து வெயிலில் அதற்கு மேலே ஒரு சாண் வெற்றிடம் தேவை. ஒலியைப் பெருக்கும் பகுதி பல ஆண்டு உழைக்கும். படத்தை வாங்கி அனுப்பும் எச்.டி.எம்.ஐ. பகுதிதான் விரைவில் பழையதாகிறது. பழைய கருவியைக் குறைந்த விலைக்கு வாங்குவோர் இதை அறிந்து வாங்கினால் ஏமாற்றமில்லை.

நாங்கள் புறப்படுமுன் மாடர்ன் தியேட்டர்ஸின் 'மந்திரி குமாரி' (1950) படத்தைப் போட்டோம். ஒற்றைத் தடப் படமாதலால், சூழொலி முறையில் ரிசீவர் அதன் ஒலி முழுவதையும் நடுப்பெட்டிக்கே அனுப்பியது. மற்ற பெட்டிகளில் காதை வைத்துப் பார்த்தோம், ஓசையே இல்லை. சிறுமியாக இருந்தபோது கேட்டு மனப்பாடமான வசனங்களைத் தாயார் படத்தோடு சேர்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார். தந்தையார் எழுந்து கருவியின் மேலிருந்த பூத்தையல் துணியை எடுத்து மடித்து வைத்தார்.