வண்டி நிறுத்தம்: அதிகாரம் யார் கையில்?

புனேயிலிருந்து சிம்மகட் கோட்டைக்கும் பான்ஷெட்டுக்கும் போகிற சாலை, கடக்வாஸ்லா அணையை ஒட்டித்தான் செல்கிறது. தேசியப் பாதுகாப்பு அகாதெமியும் மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையமும் இங்கே இருப்பதால் நம் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பழகின ஊர். மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். சுட்ட சோளக்கதிர் விற்கும் கடைகளுக்கு முன்னால் சாலையின் இரு பக்கமும் கார்கள் நிற்கும். நடுவில் ஒரு பஸ் நுழைய இடமிருக்காது. ஆம்புலன்ஸ் வந்தாலும் அதே கதிதான்.

"போலீஸ் என்ன பண்றாங்க?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். நான் வியாபாரி, சட்டக் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். ஆயினும் அந்தக் கேள்வியை வேறொரு வாசலிலும் கேட்கவேண்டும் என்பது, படித்துப் பார்த்ததில் எனக்குத் தெளிவாயிற்று. அதை அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நம் நாட்டுச் சட்டம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-ஆவது பிரிவின்படி, வண்டி நிறுத்தும் இடங்களைக் குறிப்பது மாநில அரசோ அது அதிகாரமளித்த அமைப்போ செய்யவேண்டிய வேலை. உள்ளாட்சியைக் கலந்துகொண்டு செய்யவேண்டும், அவ்வளவுதான். தடை செய்த இடத்தில் நிற்கும் வண்டியை இழுத்துச் செல்ல, 127-ஆவது பிரிவின்படி சீருடை அணிந்த காவலர் உத்தரவிட வேண்டும். 177-ஆவது பிரிவின் பொதுவான அபராதம் முதல் தடவைக்கு 100 ரூபாயாக இருந்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 500 ஆக்கியது. ஆக, தப்பான இடத்தில் வண்டி நிறுத்துவது நம்மிடம் இன்றும் காவல்துறை பார்க்கும் குற்ற விவகாரமே.

அரசியலமைப்பின் அட்டவணைகளையும் பாருங்கள். ஊராட்சிகளுக்கான 11-ஆவது அட்டவணையில் 29 பொருள்கள் உண்டு. சாலையும் பாலமும் அதில் இருக்கின்றன. வண்டி நிறுத்துமிடம் என்ற சொல் இல்லை. நகராட்சிகளுக்கான 12-ஆவது அட்டவணையில் தெருவிளக்கோடும் பஸ் நிறுத்தத்தோடும் சேர்த்து அது பெயர் சொல்லியே வருகிறது. கிராமத்துக்குக் கார் வராது என்று எண்ணினார்களோ என்னவோ! கடக்வாஸ்லா 2021-இல் புனே மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட 23 கிராமங்களில் ஒன்று. அதாவது, நிறுத்துமிடம் அமைக்கும் பொறுப்பு இப்போது மாநகராட்சிக்கு வந்துவிட்டது. தண்டிக்கும் பொறுப்பு காவல்துறையிடமே இருக்கிறது. கோடு போடுகிறவர் ஒருவர், கோட்டைக் காப்பவர் வேறொருவர்.

இதே முடிச்சு இங்கிலாந்திலும் இருந்தது. திருட்டையும் அடிதடியையும் பார்க்கவே ஆள் போதாத காவல்துறை, காரின் பின்னால் ஓடுமா? ஆகவே 1991-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், வண்டி நிறுத்தத் தவறுகளில் பெரும்பாலானவற்றைக் குற்றவியலிலிருந்து எடுத்து, விரும்பும் உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வழி செய்தது. லண்டனுக்கு வெளியே முதலில் ஏற்றது வின்செஸ்டர், 1996-இல். பிறகு 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2008 மார்ச் 31 முதல் இதற்கு 'சிவில் அமலாக்கம்' என்று பெயராயிற்று.

நாட்டுப்புற மாவட்டங்கள் மட்டும் தயங்கின. காரணம் வியாபாரிக்கு உடனே புரியும். ஊர்கள் சிதறிக் கிடக்கும். ஆள் அனுப்பும் செலவு அதிகம், வசூல் குறைவு. மேலும், அழிந்துபோன கோடுகளையும் விழுந்துபோன பலகைகளையும் முதலில் சரிசெய்தாக வேண்டும். கோடு தெரியாத இடத்தில் தண்டம் போட்டால் மேல்முறையீட்டில் நிற்காதே! பெரிதும் கிராமப்புறமான சஃபோக் மாவட்டத்தில், இப்ஸ்விச் நகரம் முன்பே இம்முறைக்கு வந்திருந்தும், மற்றப் பகுதிகளுக்கு இது வந்தது 2020 ஏப்ரலில்தான்.

இம்முறையில் நான் மெச்சுவது நான்கு விஷயங்கள். தண்டம் கட்டியவர் மேல் குற்றப் பதிவு இல்லை. 14 நாளுக்குள் கட்டினால் பாதித் தொகை போதும். மறுப்பவர் முதலில் உள்ளாட்சியிடமும், அது கேட்காவிட்டால் அதற்குக் கட்டுப்படாத தனித் தீர்ப்பாயத்திடமும் போகலாம். நான்காவதுதான் முக்கியம்: சாலையோர நிறுத்தத்தில் மிஞ்சும் பணத்துக்குத் தனிக்கணக்கு உண்டு. நிறுத்துமிடம், பொதுப் போக்குவரத்து, சாலை மேம்பாடு போன்று சட்டம் சொன்ன காரியங்களுக்கே அதைச் செலவிடலாம். இத்தனை சீட்டு எழுதினால் இவ்வளவு சம்பளம் என்று ஊழியருக்கு இலக்கு வைக்கக்கூடாது என்றும் அரசின் நெறிமுறை சொல்கிறது.

"கட்டுப்பாடு வந்தா வாடிக்கை போயிடும்" என்று கடைக்காரர்கள் அஞ்சுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடை முன்னால் ஒரே கார் எட்டு மணி நேரம் நின்றால் அந்த இடத்தால் வருகிற வாடிக்கை ஒன்று. மணிக்கு ஒரு கார் மாறினால் எட்டு. தெருவோரமும் சரக்கு மாதிரிதான், ஓடினால்தான் லாபம்.

ஊரார் தண்டம் விதிப்பதும் கணக்குக் கேட்பதும் நமக்குப் புதிதன்று. முதலாம் பராந்தகன் காலத்து, கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி தேர்வுக்கு நிற்க முடியாது. ஏரியைக் காக்க வாரியம் வைத்த மரபு நம்முடையது. அணைக்கரைச் சாலைக்கு மட்டும் அது ஆகாதா?

சட்டம் மாற நாளாகலாம். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. அணைக்கு அருகே நிறுத்துமிடமும், தெளிவான கோடும் பலகையும், வசூலின் பகிரங்கக் கணக்கும் கேட்டு வார்டு அலுவலகத்துக்கு மனு கொடுக்கலாம். அண்டை வீட்டு மராட்டியக் குடும்பங்களோடு சேர்ந்து கேட்டால் இன்னும் பலம். அதற்கு முன்னால் நம் வண்டியைக் கோட்டுக்குள் நிறுத்துவோம். பிழைக்க வந்த ஊருக்கு நாம் செலுத்தும் முதல் மரியாதை அது.