பழைய கணிப்பொறிக்குப் புதிய இணைப்பு அட்டை

சங்கத்தின் பேரேடு அங்கத்தினர்களின் சொத்தாகும். பங்குத் தொகை, சிக்கன சேமிப்பு, நூல் பட்டுவாடா, கூலிக் கணக்கு யாவும் முன்னாளில் தடித்த புத்தகங்களில் இருந்தன. இன்றோ அவை மேஜைமீதுள்ள ஒரு கணிப்பொறிக்குள் இருக்கின்றன. அப்பெட்டிக்கு வெளியுலகத் தொடர்பு அறுந்துபோனால் கூலிப் பட்டியல் வங்கிக்குச் செல்லாது. நெசவாளியின் வீட்டில் அன்று அடுப்பெரிவதும் சந்தேகமே.

2022ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள், 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டமொன்றை மத்திய மந்திரிசபை அங்கீகரித்தது. பொதுவான மென்பொருளை அமைக்கும் பொறுப்பு நபார்டு வங்கியைச் சேர்ந்தது. விவசாய அன்பர்களுக்கு இது நற்செய்தி. ஆனால் அத்திட்டம் கடன் சங்கங்களுக்கு உரியது. நெசவாளர் சங்கங்களுக்கு அன்று. எனவேதான் திருநகரைச் சுற்றி நாம் ஆய்வுக்குச் செல்லும் நெசவாளர் சங்கங்கள் சிலவற்றில், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த பெட்டிகளே இன்னமும் கணக்கெழுதி வருகின்றன.

இடி மின்னல் காலங்களில் கம்பிவழி பாயும் மின் அதிர்ச்சியால், பெட்டியின் பின்புறத்துள்ள இணைப்புத் துவாரம் மட்டும் பழுதாவதுண்டு. உடனே, "பெட்டியையே மாற்றுங்கள்" என்று யோசனை கூறுவோர் பலர். அவசரம் வேண்டாம். மற்ற உறுப்புக்கள் நன்றாயிருப்பின், சில நூறு ரூபாய் விலையுள்ள வலைப்பின்னல் அட்டை ஒன்று போதும். 1973இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தில் ராபர்ட் மெட்காஃப் என்பார் உருவாக்கத் தொடங்கிய ஈதர்நெட் முறையே இதற்கு மூலம்.

பெட்டியைத் திறப்பதற்கு முன் செய்யவேண்டிய காரியம் ஒன்றுண்டு. கணக்குகள் அனைத்தையும் தனியான ஒரு சேமிப்புக் கருவியில் நகலெடுத்து, அந்நகல் திறக்கிறதா என்று வேறொரு கணிப்பொறியில் பார்த்துவிட வேண்டும். நகல் கைக்கு வராமல் எந்தக் காரியதரிசியும் திருகாணியைத் தொட அனுமதிக்கலாகாது என்பது நமது உறுதியான கருத்து.

அடுத்து, துளையின் இனத்தை அறிதல். 1992இல் வெளிவந்த பி.சி.ஐ. என்னும் இனத்தின் துளை நீண்டது, பெரும்பாலும் வெண்ணிறம். பின்னர் வந்த பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் இனத்தில் சிறிய துளைகளும் பெரியவையும் உண்டு. சிறிய துளைக்கான அட்டை பெரியதிலும் பொருந்தும். ஆனால் ஓரினத்து அட்டை மற்ற இனத்துத் துளையில் நுழையாது. வேறு எண் நூலுக்கான அச்சில் பாவை ஓட்ட முயல்வது போன்றதே அது. ஆகவே மூடியைத் திறந்து பார்த்தபின்பே கடைக்குச் செல்க.

சுவிட்சை அணைத்தால் போதாது. அணைத்த பின்னும் உள்ளே சிறிதளவு மின்சாரம் நிற்குமாதலால், மின்கம்பியையே பிடுங்கி, பெட்டியின் பொத்தானை ஒருமுறை அழுத்திவிட வேண்டும். உள்ளே படிந்த பஞ்சுத் தூசியை மென்மையான தூரிகையால் அகற்றுக. நம் உடலில் தேங்கும் நிலைமின்சாரம் கண்ணுக்குத் தெரியாமலே சில்லுகளைக் கெடுக்கவல்லது. ஆதலின் பெட்டியின் வெறும் உலோகப் பகுதியைத் தொட்டபின் அட்டையை விளிம்பில் பிடித்தெடுக்கவும். பின்புறத் தகட்டைக் கழற்றி, அட்டையைத் துளையின்மேல் நேராக நிறுத்தி, இருமுனையும் சமமாக அழுந்தும்படி பொருத்தித் திருகிடுக. கம்பியைச் செருகியதும் துவாரத்தருகே சிறு விளக்கெரிந்தால் தொடர்பு கிட்டியதென்று கொள்ளலாம். கம்பியின் நீளம் 100 மீட்டருக்கு மிகலாகாது.

அட்டையை இயக்கும் மென்பொருளைச் சில பெட்டிகள் தாமே கொண்டிருக்கும், சில கொண்டிரா. இணைப்பில்லாத பெட்டியில் அதை இணையத்திலிருந்து இறக்க வழியேது? வேறொரு கணிப்பொறியில் முன்னதாகவே இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவருதல் வேண்டும். பலர் இவ்விடத்தில்தான் ஒரு நாளை வீணாக்குகின்றனர்.

இன்னொன்றையும் கூறவேண்டும். மைக்ரோசாப்ட் கம்பெனி, விண்டோஸ் 7க்கான ஆதரவை 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபரிலும் நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத பெட்டியை இணையத்தில் விடுவது, பூட்டில்லாத கிட்டங்கியில் நூல் சிப்பங்களை அடுக்குவதற்கொப்பாகும். அத்தகைய பெட்டியைச் சங்கத்துக்குள்ளேயே மற்றக் கணிப்பொறியுடனும் அச்சு யந்திரத்துடனும் மட்டும் இணைத்துக்கொள்வதே தக்கது. வங்கிக் காரியங்களுக்குத் திருத்தங்கள் பெறும் வேறொரு பெட்டி வேண்டும். அதற்கான செலவை நிர்வாகக் கமிட்டி தீர்மானித்தே ஆகவேண்டும்.

வேலை முடிந்ததும் அட்டையின் விலையைத் தளவாடப் பதிவேட்டில் ஏற்றி, ரசீதை வவுச்சருடன் இணைக்கவும். கழற்றிய தகட்டையும் திருகாணியையும் ஓர் உறையிலிட்டு, தேதி எழுதி அலமாரியில் வைப்பது நலம்.