லீவு நாளில் நைனாவுக்குத் தலைசுற்றல்

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. விமானப்படையின் 92ஆம் ஆண்டை ஒட்டி மெரினாவில் வான் சாகச நிகழ்ச்சி நடந்தது. பகல் 11 மணிக்கு ஆரம்பம், ஒரு மணிக்கு முடிவு. சுமார் 15 லட்சம் பேர் கூடியதாகச் சொன்னார்கள். கடற்கரை நிலையத்திலிருந்து பறக்கும் ரயில் அப்போது ஓடவில்லை. அதனால் காசிமேடு, ராயபுரம் பக்கத்து ஜனம் பஸ்ஸிலும் பைக்கிலும் போய், எங்கேயோ இறங்கி நடந்தது. பெரும்பாலும் குடும்பமாகத்தான் போனார்கள், பிள்ளைகள் கேட்டார்கள் என்பதற்காக.

அன்று ஐந்து பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் திருவொற்றியூர்க்காரர், இன்னொருவர் கொருக்குப்பேட்டைக்காரர். வெயிலின் கொடுமையே காரணம் என்றும், ஐவருமே இறந்த நிலையில்தான் கொண்டுவரப்பட்டார்கள் என்றும் சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் சொன்னார். அரசு மருத்துவமனைகளில் படுக்கைகள் தயாராகத்தான் இருந்தன. ஆள்தான் உயிரோடு போய்ச் சேரவில்லை.

கூட்டத்தை அரசு எப்படிக் கையாண்டது, தண்ணீர் ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்விகள் நியாயமானவை, கேட்கத்தான் வேண்டும். ஆனால் இந்தக் கட்டுரை அந்த மணல்வெளியில் ஒரு குடும்பம் என்ன செய்ய முடியும் என்பதைப் பற்றியது.

கத்திரி முடிந்துவிட்டால் வெயிலும் முடிந்தது என்று நினைக்கிறோம். சென்னையின் அக்டோபர் வேறு மாதிரி. காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வேர்வை உலராது. வேர்வை உலராவிட்டால் உடம்பு குளிராது. நம் காசிமேடு, ராயபுரம் பக்கத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த நாட்களில்தான் குடும்பத்தோடு வெளியே போக நேரம் கிடைக்கிறது, வெயிலும் அப்போதுதான் உச்சம். “வெயில் எனக்குப் புதுசா?” என்பார் கடலுக்குப் போகிறவர். கடலில் காற்று அடிக்கும். லட்சம் பேர் நெருக்கி நிற்கும் இடத்தில் அது கிடையாது.

பிள்ளைகளின் சந்தோஷம் கெடக்கூடாதென்று அப்பாவோ அம்மாவோ தலைவலியை, குமட்டலை, கால் பிடிப்பை மறைப்பார்கள். என் கணிப்பில் வெயிலைவிட இதுதான் ஆபத்து. சர்க்கரை, இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கும், சிறுநீர் பெருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் வெயிலின் பாதிப்பு இன்னும் சீக்கிரம் முற்றும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கிளம்பும் முன் டாக்டரைக் கேளுங்கள். நினைவு தெளிவாக இருக்கும்வரை நிழல், உப்புக்கரைசல், ஓய்வு போதும். பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் உளறினாலோ, வலிப்பு வந்தாலோ அது வெப்பத்தாக்கு. உடல் வெப்பம் 104 டிகிரியைத் தாண்டியிருக்கும். வேர்வை கொட்டிக்கொண்டிருந்தாலும் அப்படி ஆகலாம்.

அப்போது 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் உடம்பைக் குளிரவைக்க ஆரம்பியுங்கள். சட்டையைத் தளர்த்தித் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். மீன்பெட்டியில் ஐஸ் அடுக்கத் தெரிந்த ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நினைவில்லாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். இந்தச் சூட்டைப் பாராசிட்டமால் குறைக்காது. நெஞ்சை அழுத்தி வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் மாரடைப்பாக இருக்கலாம். வாய்வு என்று தள்ளிப்போடாமல் ஸ்டான்லி மருத்துவமனைக்கோ அருகில் உள்ள வேறு மருத்துவமனைக்கோ விரையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை, டாக்டர் இல்லை, முன்பணம் கட்டுங்கள் என்று தனியார் மருத்துவமனை வாசலிலேயே திருப்பி அனுப்ப முடியாது. உயிருக்கு ஆபத்தென்றால் முதலில் சிகிச்சை, மற்றதெல்லாம் பிறகு என்று 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. படுக்கை இல்லை என்று அரசு மருத்துவமனைகள் கைவிரிப்பதும் வாழ்வுரிமை மீறல் என்று 1996இல், ரயிலிலிருந்து விழுந்த ஒரு கூலித் தொழிலாளியின் வழக்கில் தீர்ப்பளித்தது.

சிகிச்சைச் செலவுக்கு என்ன வழி? எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகளில் வேலை செய்து, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் வாங்குகிறவருக்கு இஎஸ்ஐ காப்பீடு உண்டு. அவரை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் அதில் சிகிச்சை கிடைக்கும். அவசரத்தில் வேறு மருத்துவமனைக்குப் போயிருந்தாலும் பில்களைக் கொடுத்து விதிப்படி தொகை கோரலாம். தொழிலாளியே படுத்துவிட்டால், சந்தா நாள் கணக்கு நிறைவாயிருந்து இஎஸ்ஐ மருத்துவரின் சான்றும் இருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் வரும். கடல் தொழில் செய்கிறவர்களுக்கு இது இல்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைதான் துணை: குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை.

பலர் கோட்டைவிடும் ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மெரினா சம்பவம் நடந்த அதே அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்ததாக உறுதியானால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். உறுதிசெய்வது காகிதம்தான். இறப்புக்குக் காரணம் “இதயம் நின்றது” என்று மட்டும் எழுதிவிட்டால் கோரிக்கை அங்கேயே முடங்கும். ஆகவே எத்தனை மணி நேரம் வெயிலில் நின்றார் என்பதைப் பணியிலிருக்கும் டாக்டரிடம் சொல்லுங்கள். கொண்டுவந்தபோது இருந்த உடல் வெப்பத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். துயரத்தில் பிரேதப் பரிசோதனை வேண்டாமென்று மறுத்துவிடாதீர்கள். பிறகு தாசில்தார் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டு அட்டை இருந்தும் பணம் கேட்டால் 1800 425 3993க்குப் பேசுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104. இந்த இரண்டையும் 108ஐயும் வெளியே கிளம்பும் முன்பே, வீட்டில் போன் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் பதிந்து வையுங்கள்.