பாய்மரப் படகிற்கு ஏற்ற ரேடார்

2024ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், இந்தியக் கடற்படையைச் சேர்ந்த ‘தாரிணி’ என்னும் பாய்மரப் படகு உலகைச் சுற்றிவரும் பொருட்டுக் கோவாவிலிருந்து புறப்பட்டது. அதில் பிரயாணம் செய்தோர் இருவரே. ஒருவர் புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி. மற்றவர் கேரளத்தைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னா. 25,000 கடல் மைலுக்கு மேற்பட்ட தூரத்தைக் கடந்து, 2025 மே 29ஆம் நாள் அவர்கள் கோவாவுக்குத் திரும்பினர். 56 அடி நீளமுள்ள இத்தகைய படகில் ஒருவர் உறங்கும்பொழுது மற்றவரே பாய், சுக்கான், சமையல் யாவற்றையும் கவனித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவருடைய கண் ஓய்ந்திருக்கும் சில நிமிடங்களில் கடலைக் கவனிக்க வல்ல சாதனங்களுள் முதன்மையானது ரேடார்.

பெரிய கப்பல்களில் மின்சாரத்துக்குக் குறைவில்லை. தளமும் பெரும்பாலும் நேராகவே நிற்கும். பாய்மரப் படகிலோ இவ்விரண்டும் இல்லை. ஆகவே, கடையிலுள்ள யந்திரங்களுள் மிகுந்த சக்தி வாய்ந்ததை வாங்கிப் பொருத்திவிட்டால் போதும் என்னும் எண்ணம் இங்கே பயன்படாது.

ரேடார் தன் அலைகளை வெளியிட்டு, அவை எதிரேயுள்ள பொருள்மீது பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கிறது. ஒளியின் வேகத்தில் செல்லும் இவ்வலைகள் ஒரு கடல் மைல் சென்று மீள்வதற்கு ஒரு செகண்டில் 10 லட்சத்தில் ஏறக்குறைய 12 பங்கு நேரமே பிடிக்கிறது. சிறு படகுகளில் உபயோகப்படுவன சுமார் 3 சென்டிமீட்டர் நீளமுள்ள அலைகள். இரும்புக் கப்பல் இவற்றை நன்றாகத் திருப்பி அனுப்பும். மரமும் மூங்கிலும் பிளாஸ்டிக்கும் அவ்வாறு செய்வதில்லை. கோபிநத்தத்துக்கு அருகே ஒகேனக்கல் பகுதிக் காவிரியில் ஓடும் மூங்கிற் பரிசலை ரேடாரின் முன் நிறுத்தினால், பரிசலைக் காட்டிலும் அதில் அமர்ந்திருக்கும் மனிதர்களிடமிருந்தே அலைகள் தெளிவாகத் திரும்பக்கூடும். ஆற்றில் இதனால் தீங்கொன்றும் இல்லை. அங்கே ரேடாருக்கு வேலையும் இல்லை. ஆனால் சோழமண்டலக் கடற்கரையை ஒட்டி இரவில் வலை விரித்து நிற்கும் ஃபைபர் படகுகளும் ஏறத்தாழ இதே தன்மையுடையவை. அவற்றின் வெளிப்புற யந்திரம் ஒன்றே சிறிதளவு எதிரொலி தரும். பெரிய கப்பல்கள் தம் இருப்பிடத்தைத் தாமே வானொலி வழியாக அறிவிக்கும் கருவியைக் கொண்டிருக்கின்றன. சிறு மீன்பிடி படகுகளுள் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. எனவே பாய்மரப் படகின் ரேடாருக்கு நேரும் கடுஞ்சோதனை, பத்து மைலுக்கு அப்பாலுள்ள கப்பலன்று. ஒரு மைல் தூரத்தில் விளக்கு மங்கி நிற்கும் படகேயாகும்.

ரேடாரின் தலையை எவ்வளவு உயரத்தில் வைப்பது? உயரம் மிகுந்தால் தொலைவு மிகும் என்பது உண்மையே. ஆயினும் அந்த ஆதாயம் பலர் எண்ணுவதைவிடச் சிறியது. தலையின் உயரத்தையும் எதிர்ப்பொருளின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, ஒவ்வொன்றின் வர்க்கமூலத்தையும் கண்டு, அவற்றின் கூட்டுத்தொகையை 2.2ஆல் பெருக்கினால், ரேடார் எட்டக்கூடிய எல்லை கடல் மைலில் கிடைக்கும். படகின் பின்புறத்தில் 3 மீட்டர் உயரமுள்ள கம்பத்தில் தலையைப் பொருத்தினால், 25 மீட்டர் உயரமுள்ள கப்பலுக்கு இவ்வெல்லை ஏறக்குறைய 14.8 மைல். பாய்மரத்தில் 9 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால் 17.6 மைல். மும்மடங்கு உயரத்துக்குக் கிடைத்த லாபம் 3 மைலுக்கும் குறைவு. அதற்கு விலையாக 6 முதல் 10 கிலோ வரையுள்ள பாரம் மேலேறி, படகின் சாய்வையும் அசைவையும் மிகுவிக்கிறது. ஆனால் பின்கம்பத்தில் வைத்தால் அலைகள் உயரும்பொழுது தாழ்ந்த பொருள்கள் மறைந்துபோகும். ஆகவே நெடுங்கடல் செல்லும் படகுக்குப் பாய்மரத்தின் முன்முகமும், கரையோரமே செல்லும் சிறு படகுக்குப் பின்கம்பமும் பொருந்தும் எனலாம்.

சாய்வே பெருந்தொல்லை. ரேடாரின் கற்றை மேலும் கீழுமாக ஏறக்குறைய 25 டிகிரி அகலமுள்ளது. அதாவது அடிவானத்துக்கு மேலே 12½, கீழே 12½. காற்றை எதிர்த்துச் செல்லும் படகு 20 டிகிரி சாய்வது சாதாரணம். அப்பொழுது ஒரு பக்கத்துக் கற்றை கடலில் புதைகிறது. மறுபக்கத்துக் கற்றை வானை நோக்குகிறது. நேர் முன்னும் நேர் பின்னும் பார்வை கெடுவதில்லை. பக்கவாட்டிலோ எதிரொலி மிகவும் குன்றிவிடுகிறது. திரை வெறுமையாக இருப்பதைக் கண்டு கடலும் வெறுமை என்று கொள்வது அபாயம். சாய்வுக்கேற்பத் தானே சமநிலை கொள்ளும் தாங்கியில் தலையைப் பொருத்துவது இதற்குத் தக்க பரிகாரம். அதற்குப் பொருளில்லாதார் அவ்வப்பொழுது படகைச் சற்று நிமிர்த்தி ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம்.

தலையின் அகலமும் கவனிக்கத்தக்கது. 45 சென்டிமீட்டர் தலையின் கற்றை பக்கவாட்டில் ஏறக்குறைய 5 டிகிரி. 60 சென்டிமீட்டர் தலைக்கு 4 டிகிரி. 3 மைல் தூரத்தில் முன்னதன் கற்றை ஏறக்குறைய 485 மீட்டரும், பின்னது 390 மீட்டரும் விரிந்திருக்கும். அதற்குள் அடுத்தடுத்து நிற்கும் இரு படகுகள் திரையில் ஒன்றாகவே தோன்றும்.

இனி மின்சாரம். மேக்னட்ரான் குழல் அமைந்த பழைய வகை ரேடார் கணநேரத் துடிப்புகளில் 2 முதல் 4 கிலோவாட் வரை வீசும். ஆயினும் சராசரியாக அது படகிலிருந்து எடுத்துக்கொள்வது 40 வாட் அளவே. 24 மணி நேரம் ஓடினால், 12 வோல்ட் பாட்டரியிலிருந்து 80 ஆம்பியர்-மணி செலவாகும். குழலில்லாத புதிய வகைகளுள் சில 18 வாட்டில் இயங்குகின்றன. அவற்றுக்கு 36 ஆம்பியர்-மணி போதும். குழல் சூடேறுவதற்காகக் காத்திருக்கும் அவசியமும் இல்லை. அண்மையிலுள்ள பொருள்களும் நன்கு தெரிகின்றன. இவற்றுள் இடைவிடாது அலை வெளியிடும் வகைக்கு ஒரு குறை உண்டு: ரேடாருக்கு மறுமொழி கூறும் துறைமுக மிதவைகளை அது எழுப்புவதில்லை.

மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மட்டும் ரேடாரை விழிக்கச் செய்வதும் வழக்கம். நடுக்கடலில் இது ஓரளவு தகும். 20 மைல் வேகத்தில் எதிரே வரும் கப்பலை 8 மைல் தூரத்தில் கண்டால், மணிக்கு 7 மைல் செல்லும் படகுக்கு 18 நிமிடம் கிடைக்கிறது. ஆனால் ஒரு மைலில் மட்டுமே தெரியும் மீன்பிடி படகை அடைய எட்டரை நிமிடமே போதும். ரேடார் உறங்கி எழுவதற்குள் இரண்டும் மோதியிருக்கும். கரையோரத்தில் இரவு முழுதும் அது விழித்திருக்க வேண்டும். குறைந்த மின்சாரத்தில் இயங்கும் வகையைத் தேர்ந்தெடுக்க இதைவிட வலிய காரணம் வேண்டியதில்லை.

பொருத்தும் வேலையில் சிலவற்றை மறத்தலாகாது. அலுமினியப் பாய்மரத்தில் எஃகுத் திருகுகளை நேராக முடுக்கினால் உப்புநீர் பட்டு அலுமினியம் அரிக்கப்படும். இடையே காப்புப்பசை பூசுதல் வேண்டும். முன்பாய் உரசாதவாறு தலைக்குக் காப்புக்கம்பி தேவை. பாய்மரத்தின் நிழலால் பின்புறம் ஒரு குறுகிய பகுதி மறையும்; அது எத்திசை என்பதைக் குறித்துவைத்தல் நலம். தலை, தளத்தில் நிற்பவரின் கண் மட்டத்தில் அமையலாகாது. திசைகாட்டிக்கு அருகிலும் எந்தப் பெட்டியையும் வைக்கலாகாது.

பொருத்தியபின் துறைமுக அலைதடுப்புச் சுவரின் முனையை நேர் முன்னே வைத்துத் திரையின் திசைக்கோட்டைச் சரிசெய்வர். அலையின் எதிரொலியைக் குறைக்கும் குமிழை அளவுக்கு மீறித் திருப்பினால் திரை தூய்மையாகும். சிறு படகுகளும் அதனோடு துடைக்கப்பட்டுவிடும். கோடியக்கரைப் பக்கத்தின் தாழ்ந்த மணற்கரையும் இவ்வாறே காணாமற்போகும். ஆதலின் பகலில், கண்ணுக்கு ஒரு ஃபைபர் படகு தெரியும் வேளையில், அது திரையில் எத்தனை மைலில் முதலில் தோன்றுகிறது என்று அமைதியான கடலிலும் அலையுள்ள கடலிலும் தனித்தனியே சோதித்துக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். அபாய மணி ஒலிக்கும் வட்டத்தை இரவில் அத்தூரத்துக்கு உள்ளேயே வகுக்க வேண்டும். அலை உயர்ந்த இரவுகளில் படகின் வேகத்தையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ள வேண்டும்.