கடல் தாண்ட வேண்டிய குளிசை

நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணம் போக, முதலில் குறிகட்டுவான் வரை சுமார் ஒரு மணி நேரப் படகு. பிறகு புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் வழியாக பஸ். மாரியில் கடல் கொந்தளித்தால் படகும் இல்லை. ஏறுகிறவர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், "எங்கை போறியள்?" என்று கேட்காமல் விடமாட்டார்கள். போகிறவர் ஒரு திருநங்கை, போகுமிடம் பாலியல் நோய் கிளினிக் என்றால் என்ன பதில் சொல்வது?

எச்.ஐ.வி.க்கு மருந்து இருக்கிறது. இலங்கையின் அரச பாலியல் நோய் கிளினிக்குகளில் அது இலவசம். தினமும் விழுங்கும் குளிசை வைரஸ் பெருகுவதைத் தடுக்கிறது. இரத்தத்தில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அது குறைந்துவிட்டால் உடலுறவால் துணைக்குத் தொற்றாது. ஒருவருக்கு மட்டும் தொற்றிருந்து, மருந்தால் அவரது வைரஸ் அப்படிக் குறைந்திருந்த சுமார் 780 ஆண் இணைகளைப் பின்தொடர்ந்து 2019இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை.

அதே 2019இல் தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. பரவுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. கிராமம் கிராமமாக வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தர் கர்ப்பிணிகளைத் தேடிப் பதிந்து பரிசோதனைக்கு அனுப்பியதற்கு இதில் பெரும் பங்குண்டு. திருநங்கைகளைத் தேடி அப்படி யாரும் வருவதில்லை. வந்தாலும் கதவு திறக்குமா? ஒரே பாலின உறவைக் குற்றமாக்கும் 365அ பிரிவு இன்னும் தண்டனைச் சட்டக்கோவையில் இருக்கிறது. பாலின அங்கீகாரச் சான்றிதழுக்கு 2016இல் வழி பிறந்தும், அதைப் பெறாதவரின் அடையாள அட்டையில் பழைய பெயர்தான். சேலை கட்டி வரிசையில் இருப்பவரை ஆண் பெயர் சொல்லி உரத்துக் கூப்பிட்டால், அடுத்த முறை அவர் வரமாட்டார்.

15 நாடுகளின் தரவுகளைத் திரட்டிய 2013ஆம் ஆண்டு ஆய்வு, பரிசோதிக்கப்பட்ட திருநங்கைகளில் 19.1 சதவீதத்தினருக்கு எச்.ஐ.வி. இருந்ததாகக் கணக்கிட்டது. உடற்கூறு மட்டும் இதற்குக் காரணமல்ல. வீடும் வேலையும் மறுக்கப்படுவதும் காரணம். தொற்றைத் தடுக்கும் குளிசையைச் சோதித்த 'ஐப்ரெக்ஸ்' ஆய்வில் 339 திருநங்கைகள் இருந்தார்கள். குளிசை பெற்ற பிரிவில் 11 பேருக்குத் தொற்றியது. தொற்று தெரியவந்த நேரத்தில் அந்தப் பதினொருவரில் ஒருவரின் இரத்தத்திலும் மருந்து காணப்படவில்லை. வாரத்துக்கு நான்கு குளிசையாவது எடுத்த அளவு மருந்து இருந்தவர்களுக்குத் தொற்றவே இல்லை. மருந்து தோற்கவில்லை, அவர்கள் உடலுக்குள் அது போய்ச் சேரவில்லை.

ஹோர்மோனோடு குளிசையும் எடுத்தால் ஹோர்மோன் வேலை செய்யாதோ என்ற பயமும் பலருக்கு உண்டு. தடுப்புக் குளிசை ஹோர்மோனைக் குறைப்பதில்லை. இதைப் பொறுமையாகச் சொல்ல ஒருவர் வேண்டும். ஹைதராபாத்தில் 2021இல் தொடங்கிய 'மித்ர்' கிளினிக்கில் அப்படிச் சொன்னவர்களில் திருநர்களும் இருந்தார்கள். ஹோர்மோன் சிகிச்சை, மனநல ஆலோசனை, எச்.ஐ.வி. சேவை எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைத்தன. 2025 ஜனவரியில் அமெரிக்க உதவி நின்றதும் அது மூடப்பட்டது. நல்ல முயற்சியும் வெளிக்காசை மட்டும் நம்பியிருந்தால் இதுதான் கதி.

எச்.ஐ.வி.யைத் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகபவிர் ஊசி மருந்தை 2025 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. தீவுவாசிக்கு அது வந்தால், வருடத்துக்கு இரண்டு பயணம் போதும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறை மக்களுக்குச் சீனி, பிரசர் பார்க்கும் இடத்திலேயே எச்.ஐ.வி. பரிசோதனையும் நடக்கட்டும், சில மாதக் குளிசையை ஒரே தடவையில் கொடுங்கள், அவரவர் சொல்லும் பெயரிலேயே கூப்பிடுங்கள்.