பதினொரு நாள் இடைவெளி

1746 செப்டம்பரில் சென்னைக் கோட்டை பிரெஞ்சுப் படையிடம் வீழ்ந்தது. வென்றவர் குறித்த நாள் 21. தோற்ற ஆங்கிலேயர் குறித்த நாள் 10. இரண்டும் மெய்யே. இடையே நின்ற பதினொரு நாள், ஐரோப்பியச் சமயப் பிளவு கடல் கடந்து சோழமண்டலக் கரையில் பதித்த சுவடு.

சூலியசு சீசரின் கணக்கில் ஓர் ஆண்டுக்கு 365¼ நாள். ஞாயிற்றின் பருவச் சுற்றோ அதனினும் ஏறத்தாழ 11 நிமிடம் குறைவு. அக்குறை 128 ஆண்டில் முழு நாளாகத் திரளும். உயிர்ப்புப் பெருவிழாவைக் கணிக்கத் திருச்சபை மார்ச் 21ஐச் சம இரவு நாளாகக் கொண்டிருந்தது. 16ஆம் நூற்றாண்டிலோ வானில் அந்நாள் மார்ச் 11க்கே வந்துவிட்டது. லூத்தர் எழுப்பிய சீர்திருத்த அலைக்கு விடைகாணக் கூடிய திரெந்துப் பொதுச்சங்கம் 1563இல் முடிவுற்றபோது, வழிபாட்டு நூல்களைத் திருத்தும் பொறுப்பைத் திருத்தந்தையிடம் விட்டது. அதன் தொடர்ச்சியே 1582இன் நாட்காட்டித் திருத்தம். லீலியுசு என்னும் மருத்துவர் வகுத்த முறையை, இயேசு சபைக் கணித அறிஞர் கிளாவியுசு இடம்பெற்ற குழு ஆராய்ந்து ஏற்றது. திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி ஆணையிட்டார். அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆயிற்று. 400 ஆண்டில் 100 நெட்டாண்டு என்பது 97 எனச் சுருங்கியது.

கணக்கில் பிழையில்லை, ஆணையிட்டவர் திருத்தந்தை என்பதே தடை. வானியலாளர் கெப்ளர் லூத்தர் வழியினராயினும் திருத்தத்தை வரவேற்றார். அவருடைய ஆசான் மேசுட்லின் கடுமையாக எதிர்த்தார். ஒரே வானைக் கற்பித்தவரும் கற்றவரும் இருவேறு பக்கம் நின்றதே இவ்வரலாற்றில் எனக்குப் பெருவியப்பு.

செருமானிய லூத்தர் நாடுகளும் டென்மார்க்கும் 1700இல்தான் பணிந்தன, அதுவும் அரைகுறையாக. பிப்ரவரி 18க்கு மறுநாளை மார்ச் 1 ஆக்கிக்கொண்டன. உயிர்ப்பு விழாவுக்கு மட்டும் உரோமையின் அட்டவணையை ஒதுக்கி, கெப்ளரின் உருடோல்பு அட்டவணைகொண்டு மெய்யான முழுநிலாவையே கணித்தன. ஆறாண்டு கழித்து, 1706 சூலை 9 அன்று லூத்தர் வழி மறைபரப்பாளர் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியபோது, அந்த டேனியக் குடியேற்றத்தின் கணக்கு இதுவே. அவருடைய அச்சகத்துக்கும் மறைபரப்புக்கும் மறுப்பாக, 1728இல் 'வேத விளக்கம்' எழுதிய இயேசு சபைத் துறவி வீரமாமுனிவரோ கிரகோரியின் கணக்கினர்.

1724ஐப் பாருங்கள். சம இரவை அடுத்த முழுநிலாவுக்குப் பின்வரும் ஞாயிறே உயிர்ப்பு விழா. மெய்யான முழுநிலா ஏப்ரல் 8, சனிக்கிழமை. எனவே டேனியக் கணக்கில் மறுநாளே உயிர்ப்பு ஞாயிறு. உரோமை அட்டவணையின் முழுநிலாவோ ஏப்ரல் 9, ஞாயிறு. ஆகவே விழா அடுத்த ஞாயிற்றுக்கு, 16க்குத் தள்ளிப்போயிற்று. ஒரே ஒரு நாள் வேறுபாடு ஒரு வார இடைவெளியாய் விரிந்தது. சென்னை ஆங்கிலேயர் சீசரின் பழைய கணக்கில் ஏப்ரல் 5 என்று எழுதிக் கொண்டாடிய ஞாயிறும் அதே 16தான்! திருத்தந்தையை ஏற்காத ஆங்கிலேயர் அவ்வாண்டு அவருடனேயே விழாக் கண்டனர். 1752இல், செப்டம்பர் 2க்கு மறுநாள் 14 என்று ஆக்கி, அவர்களும் புதிய கணக்குக்கு வந்தனர்.

இக்குழப்பத்தை எள்ளி நகைக்க நமக்கு உரிமையுண்டா? ஜெயமங்கலம் என்னும் ஊரில் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டித் தாளைக் கிழிக்கையில், கிரகோரியின் நாளும் தமிழ்த் தேதியும் அருகருகே நிற்கும். நம் ஆண்டு விண்மீன் வழிப்பட்டது. நாள் 365, நாழிகை 15, விநாடி 31, தற்பரை 15. பருவச் சுற்றினும் இது நீளம் என்பதால், ஏறத்தாழ 60 ஆண்டுக்கு ஒரு நாள் பின்தங்கும். 1724இல் ஏப்ரல் 9ஐ ஒட்டி வந்த சித்திரை முதல் நாள் இன்று ஏப்ரல் 14. சம இரவு நாளுக்கும் அதற்கும் இடைவெளி இப்போது ஏறத்தாழ 24 நாள். கிரகோரி நீக்கியதோ பத்தே நாள்.

வானியற்பியலாளர் மேகநாத சாகா தலைமையில் 1952இல் அமைந்த குழு இதைச் சுட்டிக்காட்டி, சம இரவு நாளுக்கு மறுநாளில் தொடங்கும் தேசிய நாட்காட்டியை வகுத்தது. 1957 மார்ச் 22 முதல் அது நடுவண் அரசிதழில் இடம்பெற்றுவருகிறது. ஆயினும் ஜெயமங்கலத்தார் ஆடிப் பதினெட்டைப் பழைய விண்மீன் கணக்கிலேயே கொண்டாடுகின்றனர்.