துயரத்தின் முதல் தட்டு

இங்கிலாந்தின் மஞ்செஸ்டர் வட்டாரத்து இளைஞர் நால்வர் 'ஜோய் டிவிஷன்' என்னும் பெயரிற் கூடி, 1979ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 'அன்நோன் பிளெஷர்ஸ்' என்ற தமது முதல் இசைத்தட்டை வெளியிட்டனர். அதனை வெளிக்கொணர்ந்தது பெருநிறுவனமன்று. அந்நகரிலேயே தோன்றிய 'பக்டரி' என்னும் சிறு நிலையம். 10 பாடல்கள், 40 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. எனினும், சோகச்சுவை செறிந்த றொக் இசையின் வரலாற்றை எழுதப் புகுவோர் இத்தட்டை ஒதுக்கிச் செல்லல் இயலாது.

மறு ஆண்டு மே 18ஆம் நாள், பாடகர் இயன் கேர்ட்டிஸ் தமது 23ஆம் வயதில் தம்முயிரைத் தாமே போக்கிக்கொண்டார். அதன்பின் இத்தட்டை ஒரு மரண சாசனமாகவே கேட்கும் வழக்கம் இரசிகர் பலரிடம் வேரூன்றிவிட்டது. இது படைப்புக்குச் செய்யும் நீதியாகுமா?

கேர்ட்டிஸ் மக்கிள்ஸ்பீல்ட் நகரின் தொழில்வாய்ப்பு நிலையத்தில் பணியாற்றியவர். உடற்குறையுடையோர் வேலை பெறுவதற்கு உதவியவர். வேலை நாடி அங்கு வந்த ஒரு பெண் வலிப்பு நோயால் அல்லலுறுவதை அவர் கண்டார். அந்நோயே அவளுயிரைக் கவர்ந்ததெனப் பின்னர் அறிந்தார். 'ஷீஸ் லொஸ்ட் கொன்ட்ரோல்' என்னும் பாடல் அவளைப் பற்றியது. கேர்ட்டிசுக்கும் அதே நோய் உண்டென 1979 ஜனவரியில் மருத்துவர் உறுதிசெய்தனர். ஆயினும் அப்பாடலிற் கேட்பது தன்னிரக்கமன்று. அயலாள் ஒருத்தியின் வேதனைமுன் திகைத்து நின்ற நெஞ்சின் குரலேயாகும்.

இசையமைப்பும் ஓலமிட்டு அழுவதன்று. ஸ்டொக்போர்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில் இதனை நெறிப்படுத்திய மார்ட்டின் ஹனெற், முரசொலிகளைத் தனித்தனியே பிரித்துப் பதிவுசெய்தார். எதிரொலிக் கருவியால் அவற்றைத் தொலைவில் நிறுத்தினார். மின்தூக்கியின் இரைச்சலையும் கண்ணாடி உடையும் ஓசையையும் இடையே சேர்த்தார். மேடையில் முழங்கிய தம் வேகம் அடங்கிவிட்டதென்று கிற்றார் வாசித்த பேர்னாட் சம்னரும், பேஸ் கிற்றார் வாசித்த பீற்றர் ஹூக்கும் மனங்குறைப்பட்டனர். அக்குறை நியாயமானதே. எனினும், ஓசைகளுக்கிடையே ஹனெற் விட்டுவைத்த வெளியிலேதான் இத்தட்டின் துயரம் உறைகின்றது.

பீற்றர் சவில் அமைத்த கரிய முன்னுறையில் குழுவின் பெயருமில்லை, தட்டின் பெயருமில்லை. 1967இல் கேம்பிரிட்ஜில் கண்டறியப்பட்ட துடிப்பு விண்மீனொன்றின் அலைகள் மாத்திரம் வெண்கோடுகளாய் எழுந்து நிற்கின்றன.

கலைஞன் இறந்த விதத்தைக் கொண்டு அவன் படைப்பை அளத்தல் திறனாய்வாகாது. இத்தட்டைக் கேட்கும் அன்பர்கள், வேலை நாடி வந்த அப்பெண்ணையும் நினைவுகூர்வார்களாக.